மான்ஷிக்கின் வயிற்றில் உட்கார்ந்த குடல் மேனேஜர்

கடலோர ஊரான சோக்சோவின் டவுன் பஸ் டிப்போவில் தாக் மான்ஷிக்குக்கு இரண்டு விஷயங்களால் பெயர். மீன்கூடையோடு யார் கை காட்டினாலும், நிறுத்தம் இல்லாத இடத்தில்கூட பஸ்ஸை நிறுத்திவிடுவார் என்பது ஒன்று. இன்னொன்றுதான் பெரிது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையை அவர் தூக்க ஊசி இல்லாமல், பச்சையாகச் செய்துகொள்வார்.

அந்த நாட்டில் அரசாங்கக் கணக்குப்படி நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயை விழுங்கியே ஆகவேண்டும். ஜனவரியிலேயே நினைவூட்டல் வந்துவிடும். யாரும் போகமாட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் ஊரே ஒரே நாளில் ஞாபகம் வந்ததுபோலக் கிளம்பி ஆஸ்பத்திரி வாசலில் வெறும் வயிற்றோடு நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும். ஊசி போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. டிப்போவில் எல்லோரும் அப்படித்தான். மான்ஷிக் மட்டும் கண் திறந்தபடி விழுங்கிவிட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பதினொரு மணி டிரிப்புக்கு வந்துவிடுவார்.

"அண்ணன் பச்சையா முழுங்கற ஆளுடா," என்றுதான் புதிதாகச் சேரும் டிரைவர்களுக்கு அவரை அறிமுகம் செய்வார்கள்.

"அது ஒண்ணும் இல்லப்பா," என்பார் மான்ஷிக் அடக்கமாக. "மூக்கால மூச்சு விடணும். மனசுக்குள்ள ரூட்டை ஓட்டணும். துறைமுகத்துல வண்டிய எடுத்தேன்னு வச்சுக்க, பாலம் ஏறி இறங்கறதுக்குள்ள குழாய் வெளிய வந்துடும்."

அவருடைய மகள் சோல்பிக்கும் சின்ன வயதில் இதில் பெருமை உண்டு. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் கார்களைப் பற்றிச் சொல்லும்போது, இவள் அப்பாவின் தொண்டையைப் பற்றிச் சொல்வாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் சோல்பி. மிதித்தவள் திரும்பி வரவே இல்லை. பட்டம் வாங்கினாள், மேல்பட்டம் வாங்கினாள், இப்போது சுன்சோனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக எலிகளோடு குடித்தனம் நடத்துகிறாள். அவள் என்ன படிக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. மான்ஷிக் டிப்போவில் "வயித்து டாக்டர்" என்று சொல்லி வைத்திருந்தார்.

"டாக்டர் இல்லப்பா. எலியை வச்சு ஆராய்ச்சி."

"எலி டாக்டரா?"

"இல்லப்பா. எலிக்கு வயித்துல வியாதி வரவைக்கறேன்."

மான்ஷிக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு டிப்போவில் தொடர்ந்து "வயித்து டாக்டர்" என்றே சொன்னார்.

சோல்பி அதற்காகக் கோபப்பட்டதில்லை. தான் செய்வது யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவளுக்கே சில நாட்களில் பிடிபடாது. பஸ் ஓட்டினால் நாலு பேர் போகவேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். அம்மா சந்தையில் கடை போட்டால் நாலு பேர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். நாலு வருஷமாக ஒரே ஒரு புரதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னால் யார் எங்கே போனார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் பெயர் மல்ஜா. அவர் போனில் பேசினால் போன் இல்லாமலே கேட்கும்.

"சோல்பி! உன் புரோட்டீன் உங்கப்பா வயித்துக்கு வந்துடுச்சுடி!"

"என்னம்மா சொல்ற?"

"டிசம்பர்ல குழாய் விட்டாங்கல்ல. துளி சதை கிள்ளி எடுத்துப் பார்த்தாங்களாம். வயிறு குடலா மாறிட்டு வருதாம். நீதானே எலிக்கு அதைப் பண்ற? போன அறுவடைப் பண்டிகைக்கு வந்தப்ப அந்த வெள்ளைக் கோட்டை அழுக்கு மூட்டையில போட்டுக் கொண்டாந்தியே... நான் அதை உங்கப்பா பனியனோட சேர்த்துல்ல துவைச்சேன்!"

"அம்மா, அது தொத்தற விஷயம் இல்ல. துணியில எல்லாம் வராது."

"அப்போ எப்படி வந்துச்சு?"

நாலு வருஷமாக சோல்பி கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே அதுதான். அம்மா மூன்றே சொல்லில் கேட்டுவிட்டார். அவள் எலிகளைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு சோக்சோ பஸ்ஸில் ஏறினாள்.

விஷயம் இவ்வளவுதான். மான்ஷிக்கின் வயிற்றுச் சுவரில் சில இடங்கள் குடலின் சுவர் மாதிரி ஆகிவிட்டிருந்தன. அது அந்த ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும், அதற்காக யாரும் படுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. புற்றுநோய் இல்லை, ஆனால் அதன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிற மேடு. குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை, சீக்கிரம் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் வரலன்னு சொல்லிட்டேன்," என்றார் மான்ஷிக், கட்டாயத்துக்கு அழைக்கப்பட்ட கல்யாணத்தைத் தட்டிக்கழித்தவர் மாதிரி.

சாப்பாட்டு மேஜை நடுவில் சோயா குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று ஸ்பூன்களும் அந்த ஒரே சட்டிக்குள் போய்ப் போய் வந்தன. வயிற்றைக் கெடுக்கும் கிருமி வீட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்று சோல்பி ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறாள். அந்தச் சட்டியைப் பார்த்தாள். பிறகு தன் ஸ்பூனையும் விட்டாள். அம்மா வைக்கும் சோயா குழம்பு அப்படி.

"அப்பா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். டிப்போல எல்லா டிரைவருக்கும் எல்லா ரூட்டும் தெரியும்தானே?"

"தெரியும்."

"ஆனா இன்னிக்கு யார் எந்த ரூட்டுல போகணும்னு சொல்றது யாரு?"

"டிப்போ மேனேஜர். பாழாப்போனவன்."

"அதேதான். உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எல்லா வேலையும் எழுதி இருக்கு. வயிறு வேலை, குடல் வேலை, கண்ணு வேலை, எல்லாம்."

"என் வயித்துல கண்ணு முளைக்குமா?"

"முளைக்கட்டும்," என்றார் மல்ஜா. "அப்பவாவது என்ன சாப்பிடறோம்னு பார்த்துச் சாப்பிடுவீங்க."

மான்ஷிக் ஏனோ சட்டென்று இருமினார். சோல்பி தொடர்ந்தாள். "எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு சொல்ற மேனேஜர்தான் நான் பார்க்கற மாதிரி புரோட்டீன். குடலுக்குன்னு ஒரு மேனேஜர் இருக்கான். பேரு சி.டி.எக்ஸ்-2. அவனுக்கு வயித்துல நாற்காலியே கிடையாது. ஆனா ஒரு கிருமி வந்து வருஷக்கணக்கா வயித்தைப் புண்ணாக்கிட்டே இருந்துச்சுன்னா, அந்தக் கலாட்டாவுல இவன் உள்ள வந்து உக்காந்துடறான். வயித்துச் செல்லைக் கூப்பிட்டு, நீ இனிமே குடல் ரூட்டுல ஓடுன்னு சொல்லிடறான். அதுங்களும் போர்டை மாத்தி மாட்டிக்கிட்டு ஓடுது."

மான்ஷிக் ஸ்பூனைக் கீழே வைத்தார். மகள் இத்தனை வருஷத்தில் சொன்னதில் அவருக்கு முழுசாகப் புரிந்த முதல் விஷயம் இது. முகமே மலர்ந்துவிட்டது.

"இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே! சரி, அவன் கெட்டவனா?"

இங்கேதான் சோல்பி தப்பு செய்தாள். பொய் சொல்லத் தெரியாத படிப்பு அவளுடையது.

"அது... உறுதியா சொல்ல முடியாதுப்பா. அவன் வந்தப்புறம்தான் விஷயம் கெட ஆரம்பிக்குது. ஆனா நிஜமாவே புத்துநோய் ஆனப்புறம் பார்த்தா, சில பேருக்கு இவன் இருக்கற வரைக்கும் கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கு, இவன் காணாமப் போனாத்தான் ரொம்ப மோசமாகுது. அதைத்தான் நாலு வருஷமா பார்த்துட்டிருக்கேன்."

"அப்போ அவன் நல்லவன்."

"நான் அப்படிச் சொல்லலப்பா."

"கலவரம் நடக்கற டிப்போவுக்கு யாரும் கூப்பிடாமலே வந்து, உக்காந்து, பசங்களுக்கு ஒரு வேலையைக் குடுத்து ஓட்டறான். அவனைப் போய் சுரண்டி எடுக்கணுமா? நான் எட்டு வருஷம் யூனியன் செயலாளரா இருந்தவன்மா. ஒரு தொழிலாளியை இப்படி விசாரணை இல்லாம வேலையை விட்டுத் தூக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"சுரண்டப்போறது அந்த மேட்டைத்தான்ப்பா! மேனேஜரை இல்ல!"

"மேடுன்னா அது அவன் ஆபீஸ்தானே?"

மறுநாளே விஷயம் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. காப்பி மெஷின் பக்கத்தில் இரண்டு கட்சி உண்டானது. வேற்றூர் மேனேஜர் உள்ளூர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்றது ஒரு கட்சி. உள்ளூர் மேனேஜர் ஒழுங்காக இருந்திருந்தால் வேற்றூரான் ஏன் வருகிறான் என்றது இன்னொன்று. துறைமுக ரூட்காரர் ஒருவர், வயிறு பாதி குடலாகிவிட்டால் ஜீரணம் சீக்கிரம் முடிந்து இன்னொரு முறை பசிக்குமா என்று சந்தேகம் கேட்டார். சி.டி.எக்ஸ்-1 என்று ஒருவன் இருக்கவேண்டுமே, அவன் எங்கே போனான் என்று கேட்டார் மற்றொருவர். அவனும் இருக்கிறான் என்று சோல்பி போனில் தெரிவித்ததும் பெரிய ஆரவாரம்.

தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் ஆராய்ச்சியைப் பற்றி இருபது பேர் ஆர்வமாகப் பேசுகிறார்கள் என்பது சோல்பிக்குப் புரிந்தது. அதை வைத்துத்தான் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பிக்கிறார் என்பதும் புரிந்தது. தெரிந்த ஒரே விஷயத்தையும் எதிர்க்கட்சிக்கு வக்கீல் வேலை பார்க்கக் கொடுத்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அம்மாவின் நிலைமை வேறு. மல்ஜாவுக்குச் சந்தையில் ஒரு கடை. மியோங்தே மீனின் குடலை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் ஊறப்போட்டுச் செய்யும் உப்புக்குடல்தான் அங்கே விசேஷம். கடைக்கு மேலே ஒரு பெரிய பேனர். அதில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி மான்ஷிக் சிரிப்பார். கீழே, "என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகத் தினமும் சாப்பிடுகிறார்!"

அந்தக் கடை ஒரு வாரமாகப் பூட்டிக்கிடந்தது.

"உப்பு ஜாஸ்தி தின்னா வயித்துல இது வரும்னு டிவில சொன்னான்," என்றார் மல்ஜா. அவருடைய குரலின் சத்தமே குறைந்துபோயிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "தினமும் டப்பால அடைச்சுக் குடுத்தேனே. என் கையாலயே."

"கிருமிதான்மா முக்கியக் காரணம்."

"உப்பு காரணமே இல்லன்னு சொல்லு பார்ப்போம்."

சோல்பியால் சொல்ல முடியவில்லை. உப்புக்கும் பங்கு உண்டு, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், மேலும் ஆய்வு தேவை. இந்த மூன்றையும் ஒரு தாயிடம் எந்த வரிசையில் சொன்னாலும் ஆறுதலாக இருக்காது. அவள் வாயைத் திறந்து மூடினாள். மல்ஜாவுக்கு அதுவே பதிலாகப் போயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டில் எதிலும் உப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து மதிய நேரத்தில் சோல்பி டிப்போவுக்குப் போனாள். அப்பா டிரிப்பில் இருந்தார். ஓய்வறையில் பியோன் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவோடு வேலையில் சேர்ந்தவர், சோல்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் ஓடியவர்.

"வாம்மா வயித்து டாக்டர்!"

"சித்தப்பா, நீங்களாவது அப்பாகிட்ட சொல்லக்கூடாதா? அவருக்குக் குழாய்னா பயமே கிடையாது. அப்புறம் ஏன் வரமாட்டேங்கறாரு?"

பியோன் வாயில் இருந்த சோற்றை மென்று முடித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். "இந்தத் தடவை ஊசி போட்டே ஆகணுமாமே?"

"ஆமா. ஒரு மணி நேரம் அசையாம கிடக்கணும். பச்சையா பண்ண முடியாது."

"அதான்மா. அண்ணன் பயப்படறது குழாய்க்கு இல்ல. வாய்க்கு."

"வாய்க்கா?"

"அந்த ஊசி போட்டா மனுஷன் என்ன உளறுவான்னு அவனுக்கே தெரியாதும்மா. துணைக்குன்னு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகணும்ல, பொண்டாட்டியத்தான் எல்லாரும் கூட்டிட்டுப் போறோம். பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டிருப்பா. என் கதை தெரியுமா உனக்கு? அவ அம்மா வைக்கற ஆக்டோபஸ் சூப்பு டயர் தண்ணி மாதிரி இருக்கும்னு நான் நாலு பெட்டு கேக்கற மாதிரி சொன்னேனாம். அஞ்சாவது பெட்டுல படுத்திருந்ததே என் மாமியார்தான்."

சோல்பி சிரிக்கவில்லை. அவளுடைய கண் பியோனின் கையில் இருந்த டப்பாவிலேயே நின்றுவிட்டது. மஞ்சள் மூடி. மூடியில் அம்மா கடையின் ஸ்டிக்கர். கடையைப் பூட்டும் வரை அம்மா அப்பாவின் மதியச் சாப்பாட்டோடு கட்டிக் கொடுத்த டப்பா. பியோன் உப்புக்குடலைச் சோற்றில் சுருட்டி வாயில் வைக்கப்போனவர், அவள் பார்ப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சித்தப்பா. இது அப்பாவோடது."

"அண்ணனுக்கு அன்னிக்கு வயிறு சரியில்லன்னு குடுத்தாரு, மிச்சம் இருந்துச்சு..."

"எத்தனை நாளா வயிறு சரியில்ல?"

பியோன் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்தேம்மா."

அப்பாவின் பஸ் வந்ததும் சோல்பி ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனாள். எல்லோரும் இறங்கினார்கள். கடல் ஓரத்தில் பஸ் திரும்பி நின்றது. மான்ஷிக் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"பியோன் சொல்லிட்டானா?"

"டப்பா சொல்லுச்சு."

மான்ஷிக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கல்யாணம் ஆன புதுசு. உங்கம்மா முதல் தடவை பண்ணி வச்சுட்டு, எப்படி இருக்குன்னு கேட்டா. என் முகத்தையே பார்த்துட்டு நின்னா சோல்பி. நான் என்ன சொல்லியிருக்கணும்னு நினைக்கற?"

"நல்லா இருக்குன்னு."

"அவ்வளவுதான் சொன்னேன். தினமும் வச்சா. அப்புறம் தெருவுல எல்லாருக்கும் குடுத்தா, ஆளுங்க ஆஹா ஓஹோன்னாங்க. எனக்கு ஒருத்தனுக்குத்தான் ஆகல போலிருக்கு. கடை போட்டா. கடையில என் படத்தை மாட்டிட்டா. அதுக்கப்புறம் எந்த இடத்துல நான் பிரேக் போடறது, சொல்லு?"

"அதுக்காகத்தான் இத்தனை வருஷம் பச்சையா முழுங்கினீங்களா?"

"குழாய் வாயில இருக்கறப்ப பேச முடியாதுல்ல. அது ஒரு சௌகரியம்." அவர் கடலைப் பார்த்தார். "ஊசி போட்டா நான் சொல்லிடுவேன்மா. எனக்குத் தெரியும். முப்பது வருஷமா தொண்டையிலயே நிக்குது."

சோல்பிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு ஊறுகாய்க்காக மனுஷர் புற்றுநோய்க்கு வாசல் திறந்துவிடத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

"நான் ஒரு வழி சொல்றேன். துணைக்கு நான் வர்றேன். அம்மா வேண்டாம். நீங்க என்ன உளறினாலும் என்னோட போயிடும். போதுமா?"

"உங்கம்மாவ எப்படி நிறுத்துவ?"

"அதை நான் பார்த்துக்கறேன். அந்த மேடு போயே ஆகணும்ப்பா. மேனேஜர் நல்லவனா கெட்டவனாங்கறதை நான் இன்னும் நாலு வருஷம் எலிக்குள்ள உக்காந்து பார்த்துக்கறேன். உங்களுக்குள்ள வச்சு என்னால பார்க்க முடியாது."

மான்ஷிக் தொப்பியை மாட்டிக்கொண்டு இன்ஜினை எழுப்பினார். "சரி. போலாம்," என்றார். ஆஸ்பத்திரியைச் சொன்னாரா பஸ்ஸைச் சொன்னாரா என்று தெரியாததால் சோல்பி இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. கழுத்துக்கு வைக்கும் தலையணை ஒன்று அவசியம் வேண்டும், சந்தைக்குப் பின்னால் இருக்கும் கடையில்தான் நல்லதாகக் கிடைக்கும் என்று சொல்லி சோல்பி அம்மாவை அனுப்பிவிட்டாள். மேட்டைச் சுரண்டி எடுத்து முடித்து, மான்ஷிக்கைச் சக்கரக்கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். தோ என்ற நர்ஸ் திரையை இழுத்துவிட்டார்.

"முழிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஏதாவது பேசுவாரு, கண்டுக்காதீங்க," என்றார் தோ, பல குடும்பங்கள் உடைவதைப் பார்த்த நிதானத்தோடு.

சோல்பி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். மான்ஷிக்கின் உதடு அசைந்தது.

"உள்ள நகருங்க... உள்ள நகருங்க... பின்னாடி எவ்வளவு இடம் காலியா இருக்கு பாருங்க."

சோல்பிக்கு மூச்சு வந்தது.

"அம்மா, அந்தக் கூடையை வழியில வைக்காதீங்க," என்றார் மான்ஷிக் நர்ஸிடம். தோ தன் டிராலியை ஓரமாகத் தள்ளினார்.

திரைக்கு அந்தப் பக்கம் அரைமயக்கத்தில் கிடந்த ஒரு பெரியவர், "அடுத்த ஸ்டாப்புல நான் இறங்கணும்," என்றார்.

"பெல் அடிச்சீங்களா?"

"இதோ." பெரியவர் தலைமாட்டில் இருந்த அழைப்பு மணியை அழுத்தினார். எங்கோ விளக்கு எரிந்து, இன்னொரு நர்ஸ் ஓடிவந்தார்.

"ஏய் சி.டி.எக்ஸ்," என்றார் மான்ஷிக் திடீரென்று கனிவாக. "நீயும் இங்கயே இறங்கிடுப்பா. இதுக்கு மேல வண்டி போகாது. உன்மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல."

அவ்வளவுதான். உப்புக்குடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று சோல்பி எழுந்த நேரத்தில் திரை விலகியது. கையில் கழுத்துத் தலையணை, தோளில் கஞ்சி பிளாஸ்க், மல்ஜா. வேறெங்கோ கிடைத்துவிட்டதாம்.

மல்ஜா கட்டிலில் கிடந்த கணவனைப் பார்த்தார். பிளாஸ்க்கை வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் சந்தைக்கே கேட்கும் குரல் இப்போது சோல்பிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என் கையாலதான்டி இந்த மனுஷன் இப்படிக் கிடக்கறாரு. வேண்டாம் வேண்டாம்னு ஒரு நாள் சொன்னதில்ல. வச்சதைத் தின்னாரு. நாளைக்கே ஜாடியெல்லாம் தூக்கிக் குடுத்துடறேன். கடையே வேண்டாம். நான் என் புருஷனுக்கே விஷம் வச்சிருக்கேன்."

அழ ஆரம்பித்தார். சோல்பி அம்மா அழுது பார்த்ததில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரிக்கு ஒரு விஷயம் பொறுக்கவே இல்லை. உள்ளேயே போகாத உப்பு ஒரு வயிற்றை எப்படிக் கெடுக்கும்? ஊசி போட்டுக்கொண்டவர் வாயை மூடிக்கொண்டு கிடக்க, போட்டுக்கொள்ளாதவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அப்பா அதை ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்ல."

மல்ஜாவின் அழுகை பாதியில் நின்றது. "என்ன?"

"கல்யாணம் ஆன புதுசுல சாப்பிட்டதோட சரி. டப்பாவைப் பியோன் சித்தப்பாகிட்ட குடுத்துடுவாரு. உன் உப்பு இவர் வயித்துக்குள்ள போகவே இல்லம்மா."

தோ நர்ஸ் டிராலியில் எதையோ மும்முரமாக அடுக்கினார்.

"முப்பது வருஷமா," என்றார் மல்ஜா மெதுவாக, "அந்தப் பியோனுக்கா நான் டப்பா கட்டினேன்?"

"ஆமாம்மா."

"அவன் வயிறு எப்படி இருக்கு?"

"டிசம்பர்ல பார்த்தாங்களாம். ரோஜாப்பூ மாதிரி இருக்குன்னு டாக்டர் சொன்னாராம்."

மல்ஜா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பின்ன? யார் கைப்பக்குவம்."

ஒரே ஒரு பியோனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவருக்குக் கிருமி இல்லாமல் இருந்திருக்கலாம், மேலும் ஆய்வு தேவை என்று சோல்பியின் நாக்கு நுனி வரை வந்தது. நாலு வருஷத்தில் முதல்முறையாக அதை விழுங்கினாள்.

மல்ஜா கணவனின் காதருகே குனிந்தார். குரலைத் தேனாக மாற்றிக்கொண்டார். "டிரைவர் சார். அந்த மல்ஜா கடை உப்புக்குடல் எப்படி இருக்கும்?"

"அதுவா?" மான்ஷிக் கண்ணைத் திறக்கவில்லை. "பழைய பஸ் சீட்டு உறையை ஊறப்போட்ட மாதிரி இருக்கும்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் சம்சாரம் மனசு விட்டுடும்."

"யாரு உங்க சம்சாரம்?"

"சந்தையில இருக்கா. நல்ல மனுஷி." கொஞ்சம் யோசித்தார். "சத்தம் ஜாஸ்தி. ஆனா அந்தச் சத்தம் கேக்கலன்னா எனக்கு ரூட்டு தெரியாது."

"நானும் இறங்கணும்னு சொன்னேனே!" என்றார் பக்கத்துப் பெரியவர் கோபமாக.

மான்ஷிக் முழுதாக விழித்தபோது மனைவியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். "நான் ஏதாவது பேசினேனா?" என்று கேட்டார். "ஒண்ணும் பேசல," என்றார் மல்ஜா. அதைச் சொன்ன விதத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

வீடு திரும்பிய பிறகு மல்ஜா அவரிடம் நேராகப் பேசவில்லை. "உங்கப்பாவை மாத்திரை போடச் சொல்லு," என்பார், மான்ஷிக் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்க. கிருமிக்கான மாத்திரை மூன்று பேருக்குமே கொடுத்திருந்தார்கள். வாய் கசந்து, மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வளையவந்ததில், யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பதே குழம்பிப்போயிற்று. கடை மறுபடி திறந்தது. பேனரில் இப்போது பியோனின் கட்டைவிரல். உப்பைக் குறைத்தால்தான் பேனருக்குச் சம்மதம் என்று சோல்பி ஒற்றைக்காலில் நின்று, பாதி ஜெயித்தாள். டிப்போவில் மான்ஷிக்கின் வீரம் பொண்டாட்டிக்குப் பயந்த வீரம்தான் என்று தெரிந்துபோனதும் அவருக்கு மரியாதை குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கூடிவிட்டது.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சோல்பிதான் எடுத்தாள். மேடு முழுசாக வந்துவிட்டது, ஓரமெல்லாம் சுத்தம், உள்ளே புற்றுநோய் இல்லை. இனி வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும். அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சொன்னாள். சொல்லும்போது, ஓரம் சுத்தம் என்பது எவ்வளவு அழகான வார்த்தை என்று தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள், ஒருமுறைகூட அப்படித் தோன்றியதில்லை.

மல்ஜா அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கி, கிண்ணத்தில் ஊற்றி, மான்ஷிக்கின் முன்னால் வைத்தார். அவர் ஒரு ஸ்பூன் எடுத்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் மல்ஜா. மகளைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில், ஸ்பூன் வாய்க்குப் போவதற்கு முன்பே வந்துவிடும். இப்போது மான்ஷிக் நிதானமாக விழுங்கினார். மகளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"சப்புனு இருக்கு," என்றார்.

மல்ஜா அசையவில்லை. "அப்புறம்?"

"அப்புறம்... அரிசி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்."

"அப்புறம்?"

"கஞ்சிக்கு அவ்வளவுதான்." மான்ஷிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தவாக்கில் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது. "ஆனா, இந்தப் பிறந்தநாளுக்கு வைப்பியே, கடல்பாசி சூப்பு..."

"இருங்க," என்று மல்ஜா நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "முதல் வருஷத்துலருந்து வாங்க."